எட்டாம் நாள் பிறையும் எட்டாயிரம் ஸ்டெப்பும்

சென்னைப் புறநகரில் 'ஏரிப் பூங்கா' என்பது கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டது. ஒன்றைப் பார்த்துவிட்டால் அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வாசலில் ஒரு வளைவு. இன்டர்லாக் கல் பதித்த நடைபாதை. எவர்சில்வர் கம்பித் தடுப்பு. ஓபன் ஜிம். சிமெண்டில் செய்த காளான் குடை, அதற்குக் கீழே பெஞ்சு. செல்ஃபி எடுத்துக்கொள்ள ஆளுயர எழுத்தில் ஊர்ப்பேர். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று ஒரு பலகை. இது எல்லாத்துக்கும் நடுவில், கொஞ்சம் தண்ணீர்.

வகைமை என்று ஒன்று இருந்தால் அதற்கு விமர்சனமும் இருக்கணும். படத்துக்கு எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம், தெருமுனையில் புதுசாய்த் திறந்த பிரியாணிக் கடைக்குக்கூட எழுதுகிறோம். பூங்காவுக்கு எழுத ஆளில்லை. திறப்பு விழாச் செய்தி வரும். ஆறு மாதம் கழித்து, விளக்கு எரியவில்லை, கழிவறை பூட்டியே கிடக்கிறது என்று புகார் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில், இந்தப் பூங்காவின் வடிவம் சரியா, அது ஏரியை எப்படிப் புரிந்துகொண்டு கட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வி வருவதேயில்லை. அதை நான் கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு இதில் எந்தப் பட்டமும் கிடையாது. பி.இ. படித்து, சாஃப்ட்வேர் வேலை பார்த்து, நாற்பதுக்கு மேல் டாக்டர் சொன்னதால் தினமும் எட்டாயிரம் ஸ்டெப் நடக்கிற ஆள். தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளில் நடந்து நடந்து, அப்புறம் பழைய வரைபடங்களையும் சாட்டிலைட் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். ஏரிப் பூங்காவைக் கிண்டல் செய்வது சுலபம், நானும் மேலே செஞ்சாச்சு. ஆனால் காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். முட்டிவலிக்கு நடக்கும் அம்மாக்கள், சுடிதாருக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அக்காக்கள், பேரனைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுப் பின்னால் ஓடும் தாத்தா. பிளாட்ஃபாரமே இல்லாத இந்தப் புறநகர்த் தெருக்களில் இவர்கள் வேறெங்கே நடப்பார்கள்? முன்பெல்லாம் ஏரிக்கரை என்றாலே, பொழுது சாய்ந்தபின் பெண்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இன்றைக்கு இரவு எட்டு மணிக்கும் பயமில்லாமல் தனியாக நடக்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, நடக்கிறவர்கள் இருப்பதால்தான் ஏரிக்குக் கேட்க நாதி இருக்கிறது. சிட்லப்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குப்பை மேடு, இன்னொரு பக்கம் சாக்கடை என்று கிடந்த ஏரி அது. 2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்காகக் காத்துக்கிடந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு தாங்களாகவே ஏரிக்குள் இறங்கினார்கள். அதே வருடம் அரசும் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. 'நம்ம ஏரி' என்று சொல்ல நாலு பேர் இல்லாத இடத்தில் இது நடந்திருக்காது. நடைபாதை அந்த நாலு பேரை உருவாக்குகிறது.

ஆகவே என் பிரச்சினை நடைபாதை இருப்பதில் இல்லை. அது எங்கே போடப்படுகிறது என்பதில்தான்.

நான் நடந்த பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் பாதை ஏரியை முழுசாக ஒரு சுற்று சுற்றி வருகிறது. நடக்கிறவனுக்கு அது வசதி. கிளம்பின இடத்துக்கே வந்து சேரலாம், 'இன்னிக்கு நாலு ரவுண்டு' என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் முழுச்சுற்றுப் பாதைக்கு முழுச்சுற்றுக் கரை வேணும். நம்ம ஊர் ஏரிக்கு முழுச்சுற்றுக் கரை என்பது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கபிலர் புறநானூற்றின் 118ஆம் பாடலில், பாரி இறந்தபின் அவனுடைய பறம்பு நாட்டுக் குளத்தை நினைத்துப் பார்க்கிறார். அந்தக் குளத்தின் வளைந்த கரைக்கு அவர் சொல்லும் உவமை எட்டாம் நாள் நிலவு. கவிதைக்கு அழகான உவமை என்று பள்ளிக்கூடத்தில் தாண்டிவிடுவோம். எனக்கு அது என்ஜினீயரிங் டிராயிங் மாதிரி தெரிகிறது. எட்டாம் நாள் நிலவு கிட்டத்தட்டப் பாதி. வெளிப்பக்கம் வில்லாய் வளைந்திருக்கும், மறுபக்கத்தில் வளைவே இருக்காது. ஏரியும் அப்படியேதான். நிலம் சரிகிற திசையில், கீழ்ப்பக்கத்தில் மட்டும் வில் மாதிரி ஒரு மண்கரை. மேல்பக்கம் திறந்தே கிடக்கும். மழைத் தண்ணீர் அந்தத் திறந்த பக்கத்திலிருந்து வாய்க்காலாகவும் வரும், வாய்க்கால் இல்லாமல் நிலத்தின் மேல் பரவிக்கொண்டும் வரும். கரையோரம் ஆழம், போகப் போக முழங்கால், கணுக்கால், ஈரமண், அப்புறம் புல். தண்ணீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'ஏரி உள்வாய்' என்று ஒரு சொல் வரும். தண்ணீர் விரிந்து நிற்கும் அந்தப் பரப்புக்குத்தான் அந்தப் பேர்.

கரையில் இரண்டு முக்கியமான உறுப்புகள். ஒன்று மதகு, வயலுக்குத் தண்ணீர் விட. இன்னொன்று கலங்கல், ஏரி நிரம்பினால் மிச்சத்தை அடுத்த ஏரிக்கு அனுப்ப. எங்கள் பக்கத்தில் இந்தச் சங்கிலி இன்னும் ஓரளவு உயிரோடு இருக்கிறது. சிட்லப்பாக்கம் நிரம்பினால் செம்பாக்கம், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். புரோகிராம் எழுதுகிறவன் பாஷையில் சொன்னால் இது ஒரு லிங்க்டு லிஸ்ட். ஒரு முனையை உடைச்சா பின்னாடி உள்ளது எல்லாமே தொலைஞ்சுபோகும்.

இந்த அரை நிலாவை நடைபாதைக்காக முழு நிலாவாக்கும்போது என்ன ஆகிறது? கொஞ்சம் கணக்குப் போடலாம். 50 ஏக்கர் ஏரி ஒன்று, ஏறத்தாழ வட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 1.6 கிலோமீட்டர் வரும். கரையின் உச்சியில் 4 மீட்டர் பாதை, உயரம் 3 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு என்றால் கரையின் அடி அகலம் 16 மீட்டர். பாதிக் கரை ஏற்கனவே இருக்கிறது. புதிதாகப் போடும் மீதிப் பாதி மட்டுமே 3 ஏக்கருக்கு மேல் ஏரியைத் தின்றுவிடும். நிஜ ஏரிகள் வட்டமாக இருப்பதில்லை, ஓரம் கோணல்மாணலாக இருக்கும், ஆகவே நிஜத்தில் இன்னும் அதிகம். சரி, 3 ஏக்கர்தானே, போனால் போகட்டும் என்பீர்கள். நிலம் போவதைவிடச் சரிவு போவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

திறந்த பக்கத்தில் நிலம் 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். தண்ணீர் மட்டம் 10 செ.மீ. குறைந்தால் 20 மீட்டர் அகலத்துக்குப் புதிய ஈரமண் வெளியே வரும். அதே இடத்தில் கல் பதித்த சரிவு, ஒன்றுக்கு ஒன்றரை, இருந்தால்? 15 செ.மீ. கல் தெரியும். அவ்வளவுதான். 20 மீட்டர் சேறு எங்கே, ஒரு ஜாண் கூட இல்லாத கல் எங்கே.

அந்த 20 மீட்டரில்தான் ஏரியின் பாதி உயிர் இருக்கிறது. நெடுங்கால் உள்ளானுக்கு அதன் கால் எட்டுகிற ஆழத்தில்தான் சாப்பாடு. மடையானும் ஆழமில்லாத ஓரத்தில் நின்றுதான் மீன் பிடிக்கும் (மடையில் நிற்பதால் மடையான். பேர் வைத்தவருக்கு ஏரி தெரிந்திருக்கிறது). தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும்போது தினமும் புதிய பந்தி விரிகிறது. சரிவை வெட்டி எடுத்து, சுற்றிலும் கல்லடுக்கி, ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிட்டால் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும். நடுவில் மண்திட்டு போட்டு மரம் வைத்தால் கொக்கும் கூழைக்கடாவும் வந்து உட்காரும். பார்க்கிறவர்கள் 'பறவை வந்துடுச்சு, ஏரி பொழைச்சுடுச்சு' என்று படம் எடுத்துப் போடுவார்கள். வராமல் போனவை படத்தில் விழாது. 200 அடி ரேடியல் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, பள்ளிக்கரணையின் கணுக்கால் தண்ணீரில் நிற்கும் கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏரிப் பூங்காவுக்கு வந்தால், என்ன காணோம் என்று உடனே தெரியும்.

பெங்களூருக்காரர்கள் இதை நமக்கு முன்னாலேயே அனுபவித்துவிட்டார்கள். அங்கே ஏரிகளைச் சுற்றி இப்படிக் கரை எழுப்பிக் கிண்ணமாக்கியதைச் சூழலியலாளர்கள் 'சூப் கிண்ணம்' என்றே கேலி செய்தார்கள். நாம் அந்த டிசைனை அப்படியே காப்பி அடித்து, கூடவே காளான் குடையையும் வைத்தோம்.

இடத்தில் பாதியை மூடியதுபோலவே காலத்திலும் பாதியை மூடிவிட்டோம். பருவமழை ஏரி வருடம் முழுக்க நிறைந்திருக்க வேண்டிய பொருளே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். தையில் வயலுக்குப் போகும். சித்திரை, வைகாசியில் வறண்டு வெடிக்கும். அந்த நேரத்தில் வண்டல் அள்ளுவார்கள், மாடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நடுவார்கள். வறண்ட ஏரி செத்த ஏரி இல்லை, அடுத்த மழைக்கு இடம் காலி செய்து வைத்திருக்கும் ஏரி. பூங்காவுக்கு இது ஒத்துவராது. மே மாதம் டிக்கெட் எடுத்து வந்தவருக்கு வெடித்த களிமண்ணையா காட்டுவது? படகு ஓட்ட ஆழம் வேணும். வயல் போய்விட்டதால் மதகையும் யாரும் திறப்பதில்லை. இருபுறமும் வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர் வேறு கோடையிலும் மட்டத்தைக் குறையவிடாது. அது பூங்காவுக்கு ஒருவகையில் சௌகரியம், ஆகாயத்தாமரைக்கு ரொம்பவே சௌகரியம். ஆகமொத்தம் அக்டோபர் வரும்போது ஏரி ஏற்கனவே நிறைந்து தளும்புகிறது.

50 ஏக்கர் ஏரியில் 1 மீட்டர் கூடுதலாகத் தண்ணீர் நிற்கிறது என்றால் சுமார் 20 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் கிட்டத்தட்ட 17 ஆயிரம் லாரி. மழைக்கு முன்னால் அந்த 1 மீட்டர் காலியாக இருந்தால் அவ்வளவும் ஏரிக்குள் நிற்கும். இல்லையென்றால் அது நம் தெருவுக்குத்தான் வரும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அந்த மழையை எந்த ஏரியாலும் முழுசாகத் தாங்கியிருக்க முடியாது, உண்மைதான். ஆனால் வருடா வருடம் வருகிற 15, 20 செ.மீ. மழைக்கு ஏரியால் நிச்சயம் உதவ முடியும், உள்ளே இடம் இருந்தால்.

இடம் இருந்தாலும் தண்ணீர் உள்ளே வரணுமே. மேல்பக்கத்துக்குப் புதுக்கரை வந்தபின் பரவி வந்த தண்ணீருக்கு நாலைந்து குழாய் வழிதான் மிச்சம். அதில் பிளாஸ்டிக் கவர் அடைத்தால் முடிந்தது கதை. மழை நாளில் நடைபாதை மேல் நின்று இதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ஏரி, பாதிதான் நிறைந்திருக்கிறது. மறுபக்கம் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டு வாசலில் மணல் மூட்டை. நடுவில் என் காலுக்குக் கீழே அழகான இன்டர்லாக் கல். அந்தத் தெருக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏரிக்குள்ள இருக்கிற தண்ணி வெளிய வராம கரை கட்டுவாங்க சார், வெளிய இருக்கிற தண்ணி உள்ள போகாம எதுக்கு சார் கட்டினாங்க?" இதைவிடச் சுருக்கமாக இந்த டிசைனை என்னால் விமர்சிக்க முடியாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. திறந்த பக்கத்தைத் திறந்தே விட்டால் ஆறு மாதத்தில் கொட்டகை, ஒரு வருடத்தில் கோயில், ஐந்து வருடத்தில் காலனி. முழுச்சுற்றுக் கரை ஆக்கிரமிப்புக்குப் போட்ட வேலி என்பார்கள். சென்னையில் வாழ்ந்த யாரும் இதை லேசாகத் தள்ள முடியாது. தி.நகர் நின்றுகொண்டிருப்பது மாம்பலத்தின் பழைய நீண்ட ஏரியில். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' உண்டு, 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு, ஏரிதான் இல்லை. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்பது முகவரி. இவையெல்லாம் குடிசை போட்டவர்கள் செய்ததல்ல, அரசே திட்டம் தீட்டிச் செய்தது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமை என்ன என்று புரியும்.

ஆனாலும் எல்லைக்குக் கரைதான் வேணும் என்று யார் சொன்னது? அளந்து கல் நட்டு, தரைமட்டத்தில் ஒரு கம்பிவேலி போட்டாலும் எல்லைதான். தண்ணீர் வேலிக்குள் நுழைந்து போகும். தவிர, கரை போடுகிறவர்கள் அதைப் பதிவேட்டில் உள்ள எல்லையில் போடுவதும் அபூர்வம். இன்றைக்குத் தண்ணீர் நிற்கிற இடம், இன்றைக்கு வீடு இல்லாத இடம் எதுவோ அதைப் பார்த்து உள்ளே தள்ளிப் போடுவார்கள். அப்போது கரைக்கு வெளியே விழுந்த உள்வாய் என்ன ஆகும்? வேலி போட்டது ஏரிக்கு, ஆனால் பலன் வேலிக்கு வெளியே இருக்கிறவருக்கு. 'அதான் ஏரி அந்தக் கரையோட முடிஞ்சுடுச்சே' என்று அவர் நாளைக்குக் கோர்ட்டில் சொன்னால் மறுப்பது கஷ்டம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. அந்த ஊரில் தோட்ட வாரியம் என்று ஒன்றும், ஏரி வாரியம் என்று ஒன்றும் தனித்தனியாக இருந்தன. தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இரண்டும் இரண்டு வேலை என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. இன்றைய ஏரிப் பூங்காவில் ஏரி வாரியத்தைக் கலைத்துவிட்டுத் தோட்ட வாரியத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டோம். புல் வெட்டியாச்சா, விளக்கு எரியுதா, படகுக்கு டிக்கெட் எவ்வளவு என்று பார்க்க ஆள் இருக்கிறது. வரத்து வாய்க்கால் அடைப்பு எடுத்தாச்சா, செப்டம்பரில் மட்டம் இறக்கியாச்சா என்று கேட்டால் வாட்ச்மேன் அண்ணன் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார். பலகையில் 27 விதி எழுதுகிறவர்கள், இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது என்று ஒரு வரி எழுதலாம்.

எனக்குத் தோன்றும் டிசைன் ரொம்ப சாதாரணம். பாதையைப் பழைய கரையின் மேல் மட்டும் போடுங்கள். லாடம் மாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், அதே வழியாகத் திரும்புங்கள். ஸ்டெப் கவுண்டருக்கு ரவுண்டா, ரிட்டர்னா என்று தெரியாது, எட்டாயிரம் எட்டாயிரம்தான். ஆலமரமோ பனையோ நிற்கிற பழைய கரையில் நிழலும் அதிகம். திறந்த பக்கத்தைத் தண்ணீருக்கும் பறவைக்கும் மாட்டுக்கும் விட்டுவிடலாம். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு விளையாட இடம் வேணும் என்றால் தரைமட்டத்தில் வெறும் மண் திடல் போதும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் அது தண்ணீருக்குள் இருக்கும், மற்ற பத்து மாதம் கிரிக்கெட். ஓபன் ஜிம் இருந்துவிட்டுப் போகட்டும். காளான் குடையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை, ஆனால் குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் ஊர் ஏரிப் பூங்காவில் எது பழைய கரை, எது புதுசு என்று கண்டுபிடிக்க வரைபடம்கூட வேண்டாம். நடந்துகொண்டே பார்க்கலாம். ஏரிக்கு எதிர்ப்பக்கம் தெரு பள்ளத்தில் இருந்தால், வீட்டு மாடியும் நீங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால், அது பழைய கரை. அங்கே பனைமரமோ, ஓர் ஐயனாரோ அம்மனோ இருக்க வாய்ப்பு அதிகம். மறுபாதியில் மரமெல்லாம் ஒரே வயசில், ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால் அது பூங்காவோடு வந்த கரை. பழைய கரையிலேயே, பெரும்பாலும் அது முடிகிற ஒரு முனையில், கொஞ்சம் தாழ்வான, நீளமான கல்கட்டு இருக்கும். அதன்மேல் இப்போது பெரும்பாலும் பைக் நிறுத்தியிருப்பார்கள். அதுதான் கலங்கல். அங்கிருந்து கிளம்பும் வாய்க்காலோடு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். நான் போனவரையில், இருநூறு முந்நூறு அடியில் அது யாரோ ஒருவர் வீட்டு காம்பவுண்டுக்குக் கீழே போய்விடுகிறது.